இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் கல்லீரல் நோயா?

"இரவு 1 முதல் 3 மணிக்குள் விழிப்பு வந்தால் கல்லீரல் பழுது. சீன உறுப்புக் கடிகாரத்தை 2017 நோபல் பரிசே உறுதிசெய்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சீன மரபு நாளை 12 பொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கையும் உறுப்பையும் வைத்தது உண்மைதான். 1 முதல் 3 வரை எருதின் பொழுது, கல்லீரலுக்கு உரியது. ஆனால் அந்த மரபில் கல்லீரல் என்பது கோபத்தையும் உயிராற்றலின் ஓட்டத்தையும் ஆள்வது; ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டும் அல்ல.

நோபல் பெற்ற ஹால், ரோஸ்பாஷ், யங் மூவரும் ஆராய்ந்தது பழ ஈயை. அதன் செல்லுக்குள் 'பெர்' என்ற புரதம் இரவில் சேர்கிறது, பகலில் சிதைகிறது. தன்னை உண்டாக்கும் மரபணுவைத் தானே அடக்குகிறது. உடலுக்குள் கடிகாரம் ஓடும் விதம் அதில் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் உறுப்பு என்ற அட்டவணை அதில் இல்லவே இல்லை.

அந்த மரபுப் பொழுதுகள் சூரியனை வைத்துக் கணித்தவை. இன்றோ சீனா முழுக்க பெய்ஜிங் நேரம்தான். மேற்குக் கோடியில் காஷ்கரில் கடிகாரம் 2 காட்டும்போது சூரியக் கணக்கில் இரவு சுமார் 11. எருதின் பொழுது அங்கே இன்னும் பிறக்கவே இல்லை!

மன உளைச்சல், மது, சிறுநீர் உந்துதல், குறட்டையோடு மூச்சுத் தடை என விழிப்புக்குக் காரணங்கள் பல. கல்லீரலைப் பற்றிச் சந்தேகமா? ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்தச் செய்தியை நம்பி 'கல்லீரல் சுத்தி' பொடி வாங்கிச் சாப்பிடாதீர்கள். கண் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.