துண்டும் 1990உம்: ஒரு திருத்தம்

"துண்டு (வேறொரு வைத்தியசாலையின் கடிதம்) இல்லாமல் இரவில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 1990 அம்புலன்ஸுக்கும் காசு கட்ட வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, வேறொரு வைத்தியசாலையின் கடிதம் எதுவுமின்றி நேரடியாகவே செல்லலாம். 1990 சுவசெரிய என்பது 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் கிழக்கு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்த இலவசச் சேவை. அழைப்புக்கோ பயணத்துக்கோ ஒரு சதமும் அறவிடுவதில்லை. தனியார் அம்புலன்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்து அவர் அப்படி எழுதியிருக்கலாம்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றதும் உண்மை. அந்தக் கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய பிழையான தகவல், இருக்கின்ற சிகிச்சையையும் எட்டாமல் செய்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எங்கள் அயலவர் ஒருவர், நெஞ்சு இறுகி, இடது கை இழுத்து, சாரம் வரை வியர்வையில் நனைந்திருந்தும், "விடியட்டும், துண்டு எடுத்துக்கொண்டு போவோம்" என்று திண்ணையிலேயே நான்கு மணி நேரம் சாய்ந்திருந்தார். மாரடைப்பில் அடைப்பு நீங்கும்வரை இதயத்தசை தொடர்ந்து இறந்துகொண்டிருக்கும். இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தின் பயனும் நேரம் செல்லச் செல்லக் குறையும்.

ஆகவே இத்தகைய அறிகுறிகள் தெரிந்தால் உடனே 1990ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். வீட்டு இலக்கத்தைவிட, அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது சந்தியின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, ஒழுங்கை முகப்பில் ஒருவரை டோர்ச்சுடன் நிறுத்துங்கள்.