மண்டபம் ஊரே இல்லையாம்

நம் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றி ஒரு தம்பி போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மண்டபம், பாம்பன்லாம் ஊரே இல்லைங்க, நேரா ராமேஸ்வரம் போயிருங்க. வெள்ளைக்காரன் பாலமும் ரயிலும் கொடுத்துட்டுப் போனான், இவங்க குப்பையாக்கி வச்சிருக்காங்க" என்று அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொல்கிறார். கீழே நம் மாவட்டத்து ஆட்களே கைதட்டியிருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

வெள்ளைக்காரன் யாருக்குக் கொடுத்தான்? 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைக்கும் போகலாம். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், வணிகம் ஓட வேண்டும், அதற்குத்தான் அந்தப் பாதை. இந்தக் கரையில் எதைக் கட்டினாலும் கடந்து போகிறவருக்காகத்தான் கட்டினார்கள். இங்கேயே இருக்கிறவரை யார் நினைத்தார்கள்?

மண்டபம் கேம்ப் எப்படி வந்தது என்று அந்தத் தம்பி யாரிடமாவது கேட்டாரா? தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற நம் சனங்களை நிறுத்திவைத்து, ஊசி போட்டு, நோய் இல்லை என்று பார்த்து அனுப்புவதற்கு இலங்கை அரசு இங்கே நடத்திய முகாம் அது. என் அப்பத்தா சின்னப் பிள்ளையாக அதற்குள் இருந்திருக்கிறார். துணியை எல்லாம் வாங்கி மருந்துத் தண்ணியில் போட்டதையும், அவருடைய அம்மா கூச்சத்தில் அழுததையும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்த வம்சாவளிச் சனங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்பத்தா குடும்பமும் அந்தக் கணக்கில்தான் திரும்பியது. திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில்தான். பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்துச் சனங்களையும் அங்கேதான் தங்கவைத்தார்கள். இத்தனை பேரின் கண்ணீரைத் தாங்கின மண்ணை ஊரே இல்லை என்று எப்படிச் சொல்ல வாய் வருகிறது?

"வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு, இன்னும் அவனையே குறை சொல்வீங்களா" என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள், ஆனால் கலெக்டர் ஆபீஸை மதுரையில் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் அது அங்கேயேதான் இருந்தது. ஒரு பட்டா விஷயத்துக்கு என் தாத்தா மதுரைக்குப் பஸ் ஏறினார். ஆள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

"ரயில் வந்ததால்தானே உங்க குடும்பத்துக்குப் பிழைப்பு?" அதுவும் உண்மைதான். ஆனால் மழை பொய்த்துப் பசியில் கிடந்தவனை ஏற்றிப் போன ரயிலுக்கு நான் ஏன் நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும்? ரயிலுக்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறவர்கள் கீழக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளல் சீதக்காதி காலத்திலேயே முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்கள் கடல் தாண்டிப் போன ஊர். 1795இல் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி சிறைபிடித்தது, 1803இல் அவர் ஆண்ட சேது நாடு வெறும் ஜமீன் ஆனது. அதற்கு அப்புறம்தான் நாம் இந்தக் கதியானோம்.

குப்பை இருக்கிறது, மறுக்கவில்லை. சீசனில் வண்டி வண்டியாக வந்து தண்ணி பாட்டிலை வீசிவிட்டுப் போகிறவர்கள் யார் என்று அந்தத் தம்பி கேமராவைத் திருப்பிப் பார்க்கட்டும்.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. மீனவர்கள் போகவில்லை, கடல் அங்கேதானே இருக்கிறது! மணலில் ஊத்துத் தோண்டி நல்ல தண்ணி எடுத்துத்தான் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். அரை நூற்றாண்டு அவர்களுக்கு ஒரு ரோடு கிடையாது. 2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தது, சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு. 2025இல் பாம்பனில் புதிய ரயில் பாலமும் வந்துவிட்டது, எனக்கும் சந்தோஷம்தான். அந்த வீடியோவுக்குக் கைதட்டிய நம்ம ஊர்ப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் கேம்ப் பற்றி ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?