கூரை ஒழுகினால் யாரைப் பிடிப்பது?
கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்த வீடு போன்ற கேரவன் வண்டிக்கு, விற்றவரே முழு வாரண்டி பொறுப்பு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நடைமுறை அப்படி இல்லைங்க. சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), எஞ்சின் ஒரு கம்பெனி. பாடி கட்டியவர் வேறு. ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டருக்குத் தனித்தனி வாரண்டி அட்டை.

காட்பாடியில் எங்கள் வண்டிக்கு முதல் மழையிலேயே, ஏசி மாட்டக் கூரையில் வெட்டிய ஓட்டையின் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, கட்டிலுக்கடியில் பிளைவுட் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பாடிக்காரர் ஏசிக்காரரைக் கைகாட்டினார், அவர் இவரைக் காட்டினார். நான்கு மாதம் அலைந்தோம், வயிறு எரிகிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் வேலூரிலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். விற்றவர், பாடிக்காரர், ஏசிக்காரர் மூன்று பேரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஈரம் காய்வதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள்.