வாயுள்ள வாத்தியார்

(மதுரை செல்லூரில் ஒரு பழைய இரும்புக் கடை. கொடைக்கானலில் ஏதோ பங்களாவைக் காலி செய்த லோடு இறங்கியிருக்கிறது. கடைக்காரர் பாண்டி. வந்திருப்பவர் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார்; பாண்டிக்குப் பத்தாம் வகுப்பு எடுத்தவர். பழைய வேக்குவம் கிளீனரில் மாட்டும் பிரஷ், மூக்கு, குழல் என்றால் உயிரை விடுவார்.)

பாண்டி: வாங்க சார். காலையிலிருந்து சாக்கைப் பிரிக்காம வச்சிருக்கேன். நீங்கதான் முதல் போணி.

வாத்தியார்: போணி என்று சொல்லி மொத்தத்தையும் என் தலையில் கட்டப் பார்க்கிறாய். கொட்டுடா.

(கொட்டுகிறார். இரண்டு பேரும் தும்முகிறார்கள்.)

பாண்டி: தூசி உறிஞ்சுற சாமானுக்குள்ளேயே இவ்வளவு தூசி! எல்லாம் கறுப்புச் சாமான் சார். குக்கர் கைப்பிடி ஜாதி. உருகாது, அதனால எடைக்கும் எவனும் எடுக்க மாட்டான். முப்பது ரூபாயைக் கொடுத்துட்டு அள்ளிக்கிட்டுப் போங்க.

வாத்தியார்: (ஒரு வட்டப் பிரஷ்ஷின் கழுத்தைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து, முகர்ந்து) ஆகா! ஃபார்மலின் வாடை. பேக்கலைட்டுடா இது! லியோ பேக்லாண்ட் 1907-ல் கண்டுபிடித்தது. முழுக்கச் செயற்கையாகச் செய்த முதல் பிளாஸ்டிக். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் அப்புறம் எந்தச் சூட்டுக்கும் இளகாது. முடியைத் தொட்டுப் பார். நைலானா? குதிரை முடி!

பாண்டி: குதிரையா? அப்ப நூறு ரூபாய் சார்.

வாத்தியார்: இப்போதானே முப்பது என்றாய்?

பாண்டி: அப்ப அது குக்கர். இப்ப குதிரை.

(வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே கிளறுகிறார். கண்ணாடிக் குப்பி ஒன்று வருகிறது. மூடியில் ஓர் உலோக மூக்கு, உள்ளே அடிவரை இறங்கும் மெல்லிய குழாய்.)

பாண்டி: ஊறுகாய் ஜாடிக்கு எதுக்கு சார் குழாய்?

வாத்தியார்: ஊறுகாயா! டேய், பெயின்ட் அடிக்கிற துப்பாக்கிடா அது. அந்தக் காலத்து எலக்ட்ரோலக்ஸ் உருளை மெஷினில் ஹோஸை முன்னால் மாட்டினால் உறிஞ்சும். பின்னால் மாட்டினால் ஊதும். ஊதுகிற பக்கம் இதைச் செருகி, பெயின்ட்டைத் தண்ணியாகக் கலக்கி ஊற்றினால், ஜன்னல் கம்பி, மேஜை, நாற்காலி எல்லாம் அடிக்கலாம். குழாய் வாய்க்கு மேலே காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். குப்பிக்குள் இருக்கிற அழுத்தம் பெயின்ட்டை மேலே தள்ளும். பெர்னூலி என்கிற விஞ்ஞானி 1738-ல் சொன்ன விதி. உனக்கு நடத்தினேனே!

பாண்டி: கொசு மருந்து பம்புல நடக்கிறதா?

வாத்தியார்: அதேதான்!

பாண்டி: அன்னைக்கே கொசு மருந்துன்னு சொல்லியிருந்தா நான் பாஸ் சார். நீங்க போர்டுல ஏதேதோ எழுத்தைக் கூட்டிக் கழிச்சீங்க. சரி, முந்நூறு.

வாத்தியார்: இது அநியாயம்.

பாண்டி: பாடம் நடத்தினது நீங்க. ஆமா சார், உங்க வீட்டுல கார்ப்பெட் இருக்கா?

வாத்தியார்: சிவப்பு சிமென்ட் தரை.

பாண்டி: அப்ப வீட்டைக் கூட்டறது?

வாத்தியார்: விளக்குமாறு.

பாண்டி: ...

வாத்தியார்: என்னடா முழிக்கிறாய்? மெஷினும் இருக்கு. முன்னே டை கட்டிய பையன் ஒருத்தன் வீடு தேடி வந்து, கூடத்தில் ஒரு பிடி மண்ணைக் கொட்டி, அதை அவனே உறிஞ்சிக் காட்டி, என் தலையில் கட்டிவிட்டுப் போனது. இந்த அமெரிக்க உதிரியெல்லாம் அதில் நேராக உட்காராது. ஹோஸ் வாய் ஒரு அளவு, மூக்கு ஒரு அளவு. சைக்கிள் ட்யூபை விரலகலத்துக்கு வளையமாக வெட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகுவேன். கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும்.

பாண்டி: அமெரிக்க மெஷினையே வாங்கிடலாமே?

வாத்தியார்: அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் 230-ல் சொருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிற நிலைமை.

பாண்டி: அம்மாவா?

வாத்தியார்: அவளேதான்.

(வாத்தியார் ஒரு தகர டப்பாவை எடுக்கிறார். இரண்டு பக்கமும் சல்லடை. பாண்டி ஆவலாகப் பார்க்கிறார்.)

வாத்தியார்: இதற்குள் அந்துருண்டைச் சமாச்சாரத்தைப் பொடியாகப் போட்டு, கம்பளி வைத்த பீரோவுக்குள் ஆவியை ஊதுவார்கள். மதுரைக்கு வேண்டாத பொருள்.

பாண்டி: மதுரைக்குத்தானே வேண்டாம், உங்களுக்கு வேணுமில்ல? நானூறு.

வாத்தியார்: நீ கெட்டிக்காரன்டா. உனக்குப் போய் நாற்பது மார்க் போட்டேனே!

பாண்டி: முப்பத்து மூணு சார். இந்தத் தூசி உறிஞ்சுற மெஷினை முதல்ல எவன் சார் கண்டுபிடிச்சான்?

வாத்தியார்: (முகம் மலர்ந்து) எஞ்சின் வைத்து உறிஞ்ச வைத்தவர் ஹியூபர்ட் செசில் பூத், லண்டன், 1901. அங்கே அவருக்குக் காட்டிய மெஷின் தூசியை ஊதித்தான் தள்ளியது. "ஏன் உறிஞ்சக்கூடாது?" என்று இவர் கேட்டார். முடியாது என்றார்கள். நேரே ஓர் ஓட்டலுக்குப் போனார். மெத்தை நாற்காலியின் சாய்மானத்தில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து...

பாண்டி: ஓட்டல்லயா? சர்வர் ஒண்ணும் சொல்லலையா?

வாத்தியார்: உறிஞ்சினார்! கைக்குட்டையில் தூசி அப்பிக்கொண்டது.

(பாண்டி சும்மா இருப்பாரா? பங்களாவிலிருந்து வந்த சோபாவில் தோள் துண்டை விரித்து, குனிந்து, மூச்சுப் பிடித்து ஓர் இழுப்பு இழுக்கிறார். கண் பிதுங்க இருமுகிறார். துண்டில் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்பு.)

பாண்டி: (இருமிக்கொண்டே) உண்மைதான் சார்... வெள்ளைக்காரன் காலத்துத் தூசி...

வாத்தியார்: அப்புறம் குதிரை பூட்டிய வண்டியில் பெரிய எஞ்சின். வண்டி தெருவில் நிற்கும், ஹோஸ் ஜன்னல் வழியாக உள்ளே போகும். 1902-ல் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்த கம்பளத்தைச் சுத்தம் செய்ததே அந்த மெஷின்தான்!

பாண்டி: ராஜா வீட்டுச் சரக்கு. அறுநூறு.

வாத்தியார்: ராஜா அதை உபயோகித்தாரா! இது வேறு, அது வேறு!

பாண்டி: வம்சம் ஒண்ணுதானே. முடி வெட்டுற மாதிரி ஏதாவது இதுல உண்டா சார்? மச்சினன் சலூன் வச்சிருக்கான்.

வாத்தியார்: உண்டே! ஃப்ளோபீ. அமெரிக்காவில் ரிக் ஹன்ட்ஸ் என்று ஒரு தச்சர். தலையில் விழுந்த மரத்தூளை வேக்குவம் கிளீனர் இழுப்பதைப் பார்த்து, அதே ஹோஸ் முனையில் கத்தியை வைத்துவிட்டார். முடியை இழுத்து நிறுத்தி வெட்டும், வெட்டியதையும் அதுவே விழுங்கும். ஜார்ஜ் க்ளூனி என்கிற ஹாலிவுட் நடிகர் வருஷக்கணக்காக இதில்தான் முடி வெட்டிக்கொள்வதாக 2020-ல் டிவியிலேயே சொன்னார்.

பாண்டி: இந்தச் சாக்குல அது இருக்கா?

வாத்தியார்: இல்லை.

பாண்டி: இல்லாததுக்கே இவ்வளவு விஷயமா! எண்ணூறு சார்.

(வாத்தியாருக்கு அப்போதுதான் உறைக்கிறது. வாயை இறுக மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்காருகிறார்.)

பாண்டி: சார்?

(பதில் இல்லை.)

பாண்டி: கோபமா சார்? எழுநூறு. ...இந்தத் தட்டை மூக்கு எதுக்கு சார், சோபா இடுக்குக்கா? ...ஐந்நூறு. சார், பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க. கிளாஸ்லகூட நீங்க இப்படி இருந்ததில்லை. ...முந்நூறு. சரி, இருநூற்று ஐம்பது, அதுக்குக் கீழே என் சம்சாரம் என்னை உள்ளே விட மாட்டா.

(வாத்தியார் பேசாமல் இருநூற்று ஐம்பதை எண்ணி வைக்கிறார். சாக்கைக் கட்டுகிறார். எழுந்து படி இறங்குகிறார்.)

பாண்டி: கெட்டிக்காரர் சார் நீங்க! போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உள்ளே பூசணிக்காய் மாதிரி ஒரு மெஷின் கிடக்கு. சக்கரம் இல்லை, கால் இல்லை. தகட்டுல 240ன்னு போட்டிருக்கு. ஹூவராம். என்ன சார் அது?

(வாத்தியாரின் கால் படியிலேயே நிற்கிறது.)

வாத்தியார்: (எச்சில் விழுங்கி) தெரியாதுப்பா.

பாண்டி: உங்களுக்கே தெரியலைன்னா குப்பைதான். உள்ளே செம்பாவது மிஞ்சும். தம்பி! அந்தச் சம்மட்டியை எடு.

வாத்தியார்: டேய், தொடாதே! கான்ஸ்டலேஷன் வேக்குவம் கிளீனர்டா அது! தான் விடுகிற காற்றிலேயே தரையை விட்டு மிதக்கும்டா! 240 என்றால் இங்கிலாந்துச் சரக்கு, நம் கரண்ட்டிலேயே ஓடும்!

பாண்டி: தம்பி, சம்மட்டியை வச்சிட்டு டீ சொல்லு. சாருக்குச் சர்க்கரை கம்மி.