இன்ஜெக்டர் வயரிங்கை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு

"இன்ஜெக்டருக்கு ரெண்டு வயர்தான். ஒன்றில் 12 வோல்ட், இன்னொன்று இசியுவுக்கு. அவ்வளவுதான்." சொந்தமாக ஃபியூயல் இன்ஜெக்ஷன் கட்ட உட்காரும் ஒவ்வொருவரிடமும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் மின் வால்வுதான் இன்ஜெக்டர், அதை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்யும் கணினிதான் இசியு. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. கட்டியவரின் போர்டுதான் புகையும்.

சரி, இரண்டு வயர்தான். எந்த வயர் எந்தப் பின்னில் என்பதுகூட முக்கியமில்லை, உள்ளே இருக்கும் வயர்ச் சுருளான காயிலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அந்தக் காயில் எத்தனை ஓம்ஸ் என்று யாராவது கேட்கிறார்களா? 12 முதல் 16 ஓம்ஸ் வரை இருந்தால் 14 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் அளவில் இழுக்கும், இசியுவில் அதைத் திறந்து மூடும் சாதாரண டிரைவர் சர்க்யூட்டே தாங்கிவிடும். இதைத்தான் ஹை இம்பிடன்ஸ் இன்ஜெக்டர் என்கிறார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியதோ, ரேஸுக்கென்று வந்த பெரிய இன்ஜெக்டரோ என்றால் பலவற்றில் 2, 3 ஓம்ஸ்தான் இருக்கும். 2 ஓம்ஸ் காயில் அதே 14 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். அதற்கு, முதலில் நிறைய கரண்ட் கொடுத்துத் திறந்து, பிறகு ஓர் ஆம்பியர் அளவில் பிடித்து வைக்கும் பீக் அண்ட் ஹோல்ட் டிரைவர் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரோடும் தொடராக ஒரு பவர் ரெசிஸ்டராவது வேண்டும். ஸ்பீடுயினோ என்ற, நாமே கட்டிக்கொள்ளும் இசியுவை வைத்துக் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதன் வழக்கமான டிரைவர்கள் ஹை இம்பிடன்ஸ் இன்ஜெக்டரை மனதில் வைத்துச் செய்தவை. இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தால் சில நொடிகளில் விஷயம் தெரிந்துவிடும். அதைச் சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வருவதில்லை.

அப்புறம் அந்த வரைபடங்கள். இன்ஜெக்டர் பக்கத்தில் ஒரு பிளஸ் குறி, ஒரு நேர்கோடு. அந்த பிளஸ் எங்கிருந்து வருகிறது? இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் ரிலேயே படத்தில் இல்லை. அந்த சுவிட்சிலும் பழைய மெல்லிய வயரிலும் ஒன்றிரண்டு வோல்ட் விழுந்துவிடும். "ஒரு வோல்ட்தானே" என்று சொல்லாதீர்கள். கரண்ட் பாய்ந்ததும் இன்ஜெக்டர் உடனே திறப்பதில்லை, பெரும்பாலானவற்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் பிடிக்கும். வோல்டேஜ் குறையக் குறைய அந்தத் தாமதம் கூடும். இசியு தன்னிடம் வரும் வோல்டேஜை அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது, இன்ஜெக்டருக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஐடிலிங்கில் இன்ஜெக்டரைத் திறக்க இசியு கொடுக்கும் மொத்தத் துடிப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான். அதில் கால் மில்லிசெகண்ட் காணாமல் போனால் இன்ஜின் எப்படி நிதானமாக ஓடும்? அதைப் பார்க்காமல் "மேப் சரியில்லை, டியூன் பண்ணு" என்கிறார்கள். வயரில் இருக்கும் குறையை, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இசியுவில் இருக்கும் அட்டவணையான அந்த மேப்பின் எண்களைத் தட்டித் தட்டி மூடச் சொல்கிறார்கள், எனக்கு ஆத்திரம் அதன் மேல்தான்.

நண்பர் ஒருவரின் வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டாலே கலவை ரிச்சாகிவிடும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். லைட்டை அணைத்தால் சரியாகிவிடும். கேட்ட இடமெல்லாம் மேப்பைத் திருத்தச் சொன்னார்கள், அவரும் பொறுமையாகத் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் இசியுவின் எர்த் இன்ஜின் பிளாக்கில், டெம்பரேச்சர் சென்சாரின் எர்த் பாடியில். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு நைந்துபோன எர்த் பட்டை. லைட்டின் கரண்ட் அந்தப் பட்டை வழியாகத் திரும்பும்போது பாடியின் வோல்டேஜ் கொஞ்சம் ஏறுகிறது, சென்சார் சிக்னலும் கூடவே ஏறுகிறது. இசியு இன்ஜின் குளிர்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சார் எர்த்தை இசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுபோனதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த மனிதர் இழந்த வார இறுதிகளை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்ஜெக்டர் அணையும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜுக்கும் இப்படித்தான் அரைகுறை மருந்து சொல்கிறார்கள். "குறுக்கே ஒரு டையோடு போடு." போட்டால் டிரைவரின் டிரான்சிஸ்டர் பிழைக்கும், உண்மைதான். ஆனால் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் இன்ஜெக்டர் மெதுவாக மூடும், அளவு கெடும். ஸீனர் என்ற வேறு வகை டையோடு வைத்து உயர்ந்த வோல்டேஜில் கட்டுப்படுத்தினால் சீக்கிரம் மூடும். இந்தப் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது உதவி இல்லை.

இன்ஜின் சுழல்வதை அளக்கும் கிராங்க் சென்சாரின் வயரை இன்ஜெக்டர் வயர்களோடு சேர்த்து டேப் சுற்றுவதையும் நிறுத்துங்கள். மின் இரைச்சல் அதில் ஏறாமலிருக்க, ஷீல்டு (வெளியே உலோக உறை) உள்ள வயர் போட்டு, ஷீல்டை இசியு பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். அதிர்வு இருக்கும் இடத்தில் சால்டரை விட நல்ல கிரிம்ப் (அழுத்திப் பிடித்த இணைப்பு) மேல், சால்டர் ஏறி விறைத்த இடத்தின் ஓரத்தில்தான் வயர் முறியும். ஒரே கறுப்பு நிறத்தில் எல்லா வயரையும் கட்டி விற்கிறவர்களுக்கோ மனசாட்சியே கிடையாது.

இதிலெல்லாம் என்னால் பொறுக்கவே முடியாதது ஃபியூஸ். நான்கு ஹை இம்பிடன்ஸ் இன்ஜெக்டரும் ஒன்றாகத் திறந்தாலும் 5 ஆம்பியரைத் தாண்டாது. ஒரு சின்ன ஃபியூஸ் போதும். அதைக்கூடப் படத்தில் போடாமல், 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும் ஃபியூயல் ரெயில் குழாயின் மேலேயே பேட்டரி வயரை ஓட்டச் சொல்கிறார்கள். வயர் தோல் உரிந்து உலோகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படி வரைகிறார்கள். ஃபியூஸும் ரிலேயும் எர்த் இடமும் ஓம்ஸும் குறிக்காத படத்தைத் தயவுசெய்து இனி யாருக்கும் கொடுக்காதீர்கள்.