எல்ஓடி 400ன்னு எழுதிட்டா 400 ஆகிடாது

நேத்து சுத்தின அந்த மெயில் ஸ்க்ரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. "மாடல் முழுசும் எல்ஓடி 400, வெள்ளிக்கிழமைக்குள்ள." கீழே, கட்டடத்தைக் கம்ப்யூட்டர்ல 3டி மாடலா போடுற மாடலர் பசங்களைச் சோம்பேறின்னு ஒரு கமெண்ட். மனசு ஆறலை.

எல்ஓடின்னா மாடல்ல ஒரு எலிமெண்டை, அதாவது டக்ட்ங்கற காத்துக்குழாய், பைப் மாதிரி ஒரு பாகத்தை, எவ்வளவு தூரம் நம்பலாம்னு சொல்ற எண். மாடல் முழுசுக்கும்னு ஒரு எல்ஓடி கிடையாதுங்க. ஒவ்வொரு எலிமெண்டுக்கும் தனித்தனி. 2008ல ஏஐஏ, அதான் அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் அமைப்பு, தன்னோட இ202 ஒப்பந்தப் படிவத்துல இதைக் கொண்டுவந்தப்பவே பேரு 'லெவல் ஆஃப் டெவலப்மெண்ட்'; 'டி'ன்னா டெவலப்மெண்ட். டீடெய்ல் இல்லை. எவ்வளவு வரைஞ்சிருக்குங்கறது விஷயமே இல்லை. அதை நம்பி என்ன வேலை செய்யலாம்ங்கறதுதான் விஷயம்.

ஒரு ஏஹெச்யூவை, அதான் ஏசி காத்தை டக்ட்டுக்கு அனுப்புற பெரிய மெஷினை, எடுத்துக்கோங்க. கம்பெனி வெப்சைட்ல இறக்கின ரெவிட் ஃபேமிலியில (மாடல் சாஃப்ட்வேர்ல அப்படியே செருகுற ரெடிமேட் 3டி பொருள்) கதவுப்பிடி, திருகு, ஸ்டிக்கர்கூட இருக்கும். ஆனா எந்த யூனிட்னு முடிவாகலை, வெச்ச இடமும் உத்தேசம். அது 200தான். பக்கத்துல வெறும் பெட்டி: அளவும் இடமும் உறுதி, டக்ட்டும் பைப்பும் சேர்ற இடம் சரி, அடியில சப்போர்ட், உள்ளே இருக்குற காயிலை வெளியே உருவ இடம் விட்டாச்சு. அது 350.

"டீடெய்ல் கூடுனா நல்லதுதானே?" இல்லைங்க. 600×300 மி.மீ. டக்ட், பீமுக்கும் சீலிங்குக்கும் நடுவுல 450 மி.மீ. டக்ட் துண்டுகளைச் சேக்குற பிளேஞ்ச்ல போல்ட் ஒவ்வொண்ணும் இருக்கு. இன்சுலேஷன் இல்லை, டக்ட்டைத் தொங்கவிடுற ஹேங்கர் இல்லை. பொருளுக்குப் பொருள் மோதுதான்னு பாக்குற நேவிஸ்வொர்க்ஸ் சாஃப்ட்வேர்ல கிளாஷ் பூஜ்யம். சைட்ல 50 மி.மீ. இன்சுலேஷன் சுத்தினா உயரம் 400. கீழே தாங்குற சேனல் 41. பீமை ஒட்டியே தொங்கவிட்டாலும் மிச்சம் 9 மி.மீ. சீலிங் டைலைச் சாய்ச்சு ஏத்தக்கூட இடமில்லை. இந்த ஹேங்கர் மாதிரி விஷயங்களுக்காகத்தான், அளவும் இடமும் உறுதியான 300க்கும் தயாரிப்புக்கான 400க்கும் நடுவுல 350ன்னு ஒரு படியே வந்துச்சு!

"கிளையண்ட் கேக்குறாரே?" கேக்கட்டும். எந்த எலிமெண்ட், எந்தக் கட்டத்துல, யார் பொறுப்புன்னு டேபிள் போட்டுக் கையெழுத்து வாங்குங்க. 400ன்னா ஃபேப்ரிகேஷன், அதை வெச்சே பொருளைத் தயாரிக்கிற அளவு. தகடு கேஜ் (தடிமன்), மடிப்பு, ஜாயிண்ட் எல்லாம் டக்ட் அடிக்கிறவர் சொல்லணும். டிசைன் டிராயிங்கை வெச்சு மாடலர் ஊகிச்சுப் போட்டா, அதை நம்பி யாரோ தகடு வெட்டுவாங்க.

அதே மெயில்ல கடைசியா 500 வேற. 500ன்னா சைட்ல அளந்து சரிபார்த்தது. சென்னையில உக்காந்து மாடல் போடுற பையன் அமெரிக்கக் கட்டடத்துக்கு எப்படி 500 போடுறது? அளந்த கணக்கையாவது யாராச்சும் அனுப்பணும்ல?

ராத்திரி 2 மணிவரை போல்ட் போட்ட பையனைச் சோம்பேறிங்கறீங்களே, அந்த டக்ட்டோட ஹேங்கர் விவரத்தை அவனுக்கு அனுப்பினீங்களா?