தட்டைப் பிரித்தோம், ஜன்னலைத் திறக்கவில்லை

சித்தப்பாவுக்கு டிபி, அதாவது காசநோய் என்று தெரிந்த அன்று மாலையே சித்தி முதல் வேலையாக அவருடைய எவர்சில்வர் தட்டின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தார். டம்ளருக்கு ஒன்று, சொம்புக்கு ஒன்று. மூன்றும் மற்ற பாத்திரங்களோடு சேராமல் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தன. சித்தியைக் குற்றம் சொல்லவில்லை. அவர் பயந்து போயிருந்தார், யாரும் எதையும் விளக்கியிருக்கவும் இல்லை.

ஆனால் அதற்கு முன்பு இரண்டரை மாதம் சித்தப்பா இருமிக்கொண்டே இருந்தார். மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக், ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னொரு கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். சளியைப் பரிசோதிக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதிப் போட்டிருக்கிற விஷயம்தான். அந்த இரண்டரை மாதமும் அவருடைய மூன்று வயதுப் பேரன் அதே கட்டிலில் தாத்தாவைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அறைக்கு ஒரே ஜன்னல். வெளியே சாக்கடை, கொசு. அதனால் ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும்.

தட்டால் டிபி பரவாது. தட்டில் இருந்து பரவ அந்தக் கிருமிக்கு வழியே இல்லை. நுரையீரல் டிபி உள்ளவர் இருமும்போது தெறிக்கிற துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஈரம் காய்ந்து, ஐந்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்ன துகள்களாகி, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அந்த அளவு சின்னதாக இருந்தால்தான் மூக்கு, தொண்டையைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போக முடியும். தட்டில் ஒட்டிய எச்சில் அப்படிக் காற்றில் எழும்பாது. டைபாய்டு, காலரா என்றால் சரி, கை, தண்ணீர், சாப்பாடு எல்லாமே கணக்கில் வரும். டிபியின் பாதை காற்று. கழுத்தில் நெறி கட்டி வருகிற டிபி காற்றிலும் பரவாது. அந்தக் கட்டியோடு இருக்கிற பெண்ணையும் நாம் ஒதுக்கித்தான் வைக்கிறோம்.

இதை நிரூபித்த பரிசோதனை ஒன்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே இருந்த ஒரு கூண்டு அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கினிப்பன்றிகள். நோயாளிகளை அவை பார்த்ததில்லை, தொட்டதில்லை, அவர்கள் தட்டில் சாப்பிட்டதும் இல்லை. வெறும் காற்றைச் சுவாசித்தே அவற்றுக்குத் தொற்று வந்தது. புற ஊதா ஒளியில் சுத்தப்படுத்திய காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன.

டிபி நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? அதே சமயத்தில் இந்த இன்னொரு கேள்விக்கு நம் சென்னையிலேயே விடை கிடைத்தது. டிபி என்றால் தாம்பரம் சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி என்று இருந்த காலம். கட்டில் போதாது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதிப் பேர் அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியில், அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு தரப்புக்கும் அதே மாத்திரைகள், ஒரு வருடம். குணமானவர்கள் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க டிபி சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நடந்த ஊரில் அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் பாத்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாத்திரை ஒழுங்காகத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது நோய் தெரியாமல் இருமிய நாட்களில்தான் ஆபத்து அதிகம். நாமோ பெயர் தெரிந்த பிறகுதான் ஆளை ஒதுக்குகிறோம். இந்தத் தட்டுப் பழக்கம் நமக்கு நோயில் இருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் இருந்த ஊர்க்காரர்கள் நாம். யாரைக் கண்டு பயந்தாலும் கை முதலில் டம்ளருக்குத்தான் போகிறது.

ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் எடை 41 கிலோ. எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று எல்லாம் பார்த்தார்கள். 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, யாரை உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க இப்படிப் பார்க்கிறார்களாம். அவர் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள். ஆறு மாதம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் ரத்தம் என்று அலறிவிட்டார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது, பயப்படாதீர்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்லியிருக்கலாம்.

நர்ஸ் வீட்டுக்கு வந்து எல்லோரையும் பரிசோதித்தார். பேரனுக்கு நோய் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். கிருமி உள்ளே போனவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வரும். சத்துக் குறைந்தவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அந்தக் கணக்கு மாறிவிடும். அந்த நர்ஸ்தான் வந்ததும் வராததுமாக ஜன்னலைத் திறந்தார். “கொசுவுக்கு வலை அடிச்சுக்கோங்க, இதை மூடாதீங்க” என்றார். மறுநாளே வலை அடித்தோம். 260 ரூபாய்.

பக்கத்து வீட்டில் அல்சர் என்று சொல்லியிருந்தோம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பொய்யை நானும்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆறு மாதம் முடிந்து சளி சுத்தம் என்று ரிசல்ட் வந்தது. எடை 52. பொட்டை அசிட்டோன் வைத்துத் துடைத்துவிட்டு, தட்டை மற்ற தட்டுகளோடு அடுக்கினார் சித்தி. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம். சித்தப்பா மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போனார். அடுக்கில் இருந்து ஒவ்வொரு தட்டாகத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.